கருகிய சுருளை வெட்டுவதற்கு முன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்பது, டீசல் தீர்ந்த ஜீப்பிடம் வழி கேட்பதைப் போன்றது. தானாக நகராது, ஆனால் மலையின் எல்லா வளைவுகளும் தனக்குத்தான் தெரியும் என்ற முகத்தோடு நிற்கும். என்னையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் மூன்று தேயிலை ஃபேக்டரிகளுக்கு மின் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. குன்னூரில் குடியிருந்துகொண்டு மூன்றையும் ஜீப்பில் சுற்றி வருவேன். அடையாள அட்டையில் இன்ஜினியர் என்று போட்டிருந்தது. நடைமுறையில், மோட்டார் எரிந்தால் கூப்பிட்டுத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள். பணிக்காலத்தின் பெரும்பகுதியை மழையில் நனைந்தும், மீதியை ஸ்வெட்டர் காய்வதற்குக் காத்திருந்தும் கழித்தேன்.

ஸ்டார்ட்டரை எப்படி இணைப்பது, ரிலேயை எந்த அளவில் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருகிறது. ஆகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு மோட்டார் எரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

இண்டக்‌ஷன் மோட்டார் ஓர் ஊமைப் பிராணி. மூன்று ஃபேஸும் சமமாக வந்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஒரு ஃபேஸ் மட்டும் இளைத்து வந்தாலும் நின்றுவிடாது. சுமையை விடாமல் இழுக்கும். வோல்டேஜில் கொஞ்சம் ஏறுமாறு இருந்தால் போதும், உள்ளே கரண்டில் அது பல மடங்காகப் பெருகும். வெளியே சத்தம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் புகை வரும். புகையைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஆரு சுத்துனது?"

கோத்தகிரி மார்க்கெட்டிலிருந்து கீழே இறங்கும் சந்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருந்தது. பழனிச்சாமி அண்ணனும் அவர் மனைவி சரசக்காவும் நடத்தினார்கள். காரமடைப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமான புதிதிலேயே மலையேறி வந்துவிட்டவர்கள். கடையில் வேறு ஆள் கிடையாது. அண்ணன் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றுவார். அந்தச் சுருள்கள் மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் வரிசையாக உள்ள பள்ளங்களில் போய் உட்கார வேண்டும். கம்பி இரும்பில் தட்டாமல் இருக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓர் இன்சுலேஷன் பேப்பர் வைப்பார்கள். அதை அளந்து வெட்டி மடித்துக் கொடுப்பது அக்கா. பேப்பர் ஓர் இழை குறைந்தாலும் அந்த இடத்தில் கம்பி இரும்பைத் தொடும், மோட்டார் போய்ச் சேரும். ஆனாலும் ஊரில் எல்லோரும் "பழனிச்சாமி கை" என்றுதான் பேசுவார்கள். பேப்பரை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

நான் சந்துக்குள் நுழையும்போதே அக்காவின் குரல் கேட்கும்.

"ஏனுங்க, சார் வர்றாருங்க. எங்கியோ எரிஞ்சிருக்குது."

"நான் சும்மா வரக்கூடாதுங்களா அக்கா?"

"நீங்க சும்மா வந்து நாங்க பாத்ததில்லீங்களே. எழவு சொல்ல வர்றவராட்டத்தான் வருவீங்க. உக்காருங்க, பாடி எப்ப வருது?"

அண்ணன் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரிப்பார். மோட்டாரைப் பாடி என்று சொன்னது அந்த அக்கா ஒருவர்தான். வேலையைப் பொறுத்தவரை அது மிகச் சரியான சொல் என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

ஏனென்றால் கருகிய சுருள்தான் மோட்டாரின் மரண வாக்குமூலம். எனக்கு முதன்முதலில் வேலை கற்றுக்கொடுத்த மேலதிகாரி, கோயமுத்தூரில், எரிந்த மோட்டாருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் எங்கள் சிரிப்பைக் கேட்டபடியே சொல்வார்: "எல்லாச் சுருளும் ஒரே மாதிரிக் கருகியிருந்தா, சுமை அதிகம். ஒரே இடத்துல மட்டும் பொத்துக்கிட்டிருந்தா, சுத்துனதுல தப்பு, இல்லாட்டி பேப்பர்ல தப்பு. ஒரு கத்தை கருப்பு, ரெண்டு கத்தை சுத்தம், மறுபடி ஒரு கத்தை கருப்புன்னு சுத்தியும் வரிசை கட்டி இருந்தா, ஒரு ஃபேஸ்தான் வெந்திருக்குது. அந்தத் தப்பு லைன் வழியா வெளியில இருந்து வந்தது. உள்ள வேலை பாத்தவனைத் திட்டாதே." இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது. இதை வைத்தே சம்பளம் வாங்கினேன்.

கீழ் கோத்தகிரியில் இருந்த எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. எரிந்த மோட்டாரை அப்படியே வைண்டிங் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். ஃபிட்டர் உளியை வைத்துக் கருகிய சுருள்களை வெட்டி, செம்பை உருவி, எடை போட்டு ஸ்டோர் ரூமில் பூட்டிவிடுவார். வெறும் இரும்புக் கூடுதான் கடைக்குப் போகும். பழைய செம்புக்கு எப்போதும் கிராக்கி. வைண்டிங் கடைக்காரர்கள் எடையில் கை வைத்துவிடுவார்கள் என்று எப்போதோ யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார். சந்தேகப்பட்டவர் ரிட்டையராகிப் போய்விட்டார். சந்தேகம் மட்டும் பணி நீட்டிப்பில் இருந்தது. பழனிச்சாமி அண்ணனுக்கு அந்த மோட்டார்கள் மனப்பாடம். எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று பார்க்கப் பழைய சுருள் தேவையில்லை. அதனால் அவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "செம்பைத் திருடறவன்னு நெனைக்கறாங்க, நெனைச்சுட்டுப் போகட்டுமுங்க. கூட்டுக்குள்ள நல்லாத் தூசி தட்டிக் குடுக்கறாங்க, அந்த வேலை எனக்கு மிச்சம்" என்பார்.

அந்த வருஷம் மழை விட்டதும் கொழுந்து கொட்டியது. பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று ஊதி வாட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மாலையில் தொடங்கினால் மறுநாள் காலை வரை விசிறி ஓட வேண்டும். நடுவில் நின்றால் கொழுந்து வெந்து சிவந்துவிடும்.

விசிறி மோட்டார்கள் விடிகிற நேரமாகப் பார்த்து நிற்க ஆரம்பித்தன. காரணம் ரிலே. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் ரிலே விழுந்து அதை நிறுத்திவிடும், காவல்காரன் மாதிரி. கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பான டீ மேக்கர் அந்தக் காவல்காரனின் திருகைப் பிடித்துக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். சட்டென்று விழாமல் இருக்க வேண்டுமல்லவா.

நான் கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. "நான் என்னங்க சார் பண்றது? சும்மா சும்மா விழுகுது. கொழுந்து செவந்துபோச்சுன்னா திரும்பவும் செடியில ஒட்ட வெக்க முடியுங்களா? மோட்டாரு எரிஞ்சா சுத்திக்கலாமுங்க."

அவர் நிற்கிற இடத்தில் நின்றால் அதில் நியாயம் இருந்தது. காவல்காரன் ஓயாமல் கத்தினான், வாயில் துணியை அடைத்தார்கள், வீடு எரிந்தது. அண்ணன் சுற்றிக் கொடுத்திருந்த மோட்டார்களில் ஒன்று முதலில் போனது. அவரே எடுத்துப்போய்க் கூலி வாங்காமல் மறுபடி சுற்றிக் கொடுத்தார். அதுவும் போனது. கொஞ்ச நாளில் அடுத்த தொட்டி மோட்டார். ஒவ்வொரு முறையும் ஃபிட்டர் உளியோடு வந்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் கைக்குப் போனது துடைத்த கூடு.

மூன்றாவது கூட்டை வாங்க அண்ணன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். கொழுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரி ஆட்களும், எடை போடக் காத்திருந்த விவசாயிகளும் வாசலில் நிறைந்திருந்தார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. அன்று வந்த கொழுந்தில் ஒரு தொட்டி நாசமாகியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்திருந்தது.

"என்னங்க பழனி, வயசாச்சுன்னா ஆச்சுன்னு சொல்லுங்க. கை போனப்புறம் எதுக்கு எங்க மோட்டார்ல வித்தை காட்டறீங்க?"

மூட்டை இறக்கியவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்:

"ஆமாங்க. கைதானுங்க. முன்ன மாதிரி நிதானமில்லீங்க."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. வேலையில் குறை சொன்னால் எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் இழுத்து உட்காரவைத்து விளக்குகிற மனிதர் அவர். அன்று கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டதைப் போல ஒப்புக்கொண்டார். அடுத்த மோட்டாரைக் கோயமுத்தூரில் ஒரு பெரிய கடைக்கு அனுப்பினார்கள்.

பிறகு அண்ணன் யாரிடமும் அதையே சொல்ல ஆரம்பித்தார். கேரட் கழுவும் மெஷினுக்காக ஒருவர் கொண்டுவந்த மோட்டாரைச் சுற்றி முடித்து, சோதித்து, சரியாக இருந்ததை எல்லாம் அவரே பிய்த்துப் போட்டு மறுபடி சுற்றினார். அப்புறமும் திருப்தி இல்லை. "என் கை போச்சுங்க, ஊட்டிக்குக் கொண்டுட்டுப் போயிருங்க" என்று கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கை போய்விட்டது என்று கடைக்காரரே சொன்னால் யார் வருவார்கள்?

ஒரு மதியம் சரசக்கா பஸ் பிடித்துக் குன்னூருக்கு என் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரவில்லை.

"சார், அவரு கடையைக் காலி பண்றேங்கறாரு. நீங்க ஒண்ணு பண்ணோணும்."

"மேனேஜர்கிட்டப் பேசட்டுங்களா?"

"அவரு என்னமோ சொல்லிட்டுப் போறாருங்க. அது வேண்டாம். அந்த மோட்டாரெல்லாம் எதனால எரிஞ்சுதுன்னு நீங்க பாத்துச் சொல்லோணும். சுத்துனது சரியில்லையா, உள்ள வெச்சது சரியில்லையா, எதுவா இருந்தாலும் சரி. ஒளிக்காமச் சொல்லிப்போடுங்க. தெரியாம இருக்கறதுதானுங்க தொண்டையில நிக்குது."

மறுநாளே போனேன். ஸ்டோர் ரூமில் செம்பு இல்லை. பழைய சாமான் வாங்குகிறவர் வந்து எடுத்துப்போய்விட்டார். மெயின் போர்டில் வோல்ட் மீட்டர் இருந்தது. மூன்று ஃபேஸையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் குமிழ் உடைந்து, ஒரே ஜோடி ஃபேஸில் நின்றுபோயிருந்தது. அந்த ஜோடியில் எல்லாம் நலம். கல்யாண வாசலில் சந்தனம் கொடுக்கிறவரைப்போல யார் வந்தாலும் ஒரே சிரிப்பு. நானே மீட்டர் வைத்து மூன்றையும் அளந்தேன். நண்பகல் நேரம், மூன்றும் சமம். ஒன்றும் கிடைக்கவில்லை. மேனேஜரிடம், இனி எது எரிந்தாலும் நான் வரும் வரை உளி படக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"இனி எங்கீங்க எரியறது? கோயமுத்தூர் வைண்டிங் சார்" என்றார்.

கோயமுத்தூர் வைண்டிங்கும் எரிந்தது. காலையில் டீ மேக்கர் ஃபோன் செய்தார். நான் ஜீப்பை ஓட்டிய விதத்தைப் பற்றி எதிரில் வந்த இரண்டு பஸ் டிரைவர்கள் என் குடும்பத்தைச் சேர்த்துக் கருத்துச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது ஃபிட்டர் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் உளி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! தொடாதீங்கன்னு சொல்லியிருந்தேனுங்களே?"

"பழக்கமாப் போச்சுங்க சார். ஒரு பக்கம் வெட்டியாச்சு. இன்னொரு பக்கம் ஒரு டீ குடிச்சுட்டு வெட்டலாம்னு இருந்தேன்."

அந்த ஒரு டம்ளர் டீக்கு நான் இன்றும் நன்றியுடையவன். வெட்டாத பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்தோம். ஒரு கத்தை கருப்பு. அடுத்த இரண்டு கத்தை தேன் நிறத்தில் அப்படியே இருந்தன. மறுபடி ஒரு கத்தை கருப்பு. சுற்றிலும் இதே வரிசை. பொத்தல் எங்கேயும் இல்லை. நான் அறியாமலே செருப்பைக் கழற்றியிருந்தேன் என்பதை ஃபிட்டர் என் காலைப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

காலை நேரம் என்பதால் உடனே மூன்று ஃபேஸையும் அளந்தேன். ஒன்றில் வோல்டேஜ் தரையில் கிடந்தது. லைனைப் பிடித்துக்கொண்டே நடந்தால், எங்களுக்கு வருகிற அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மேட்டுக்கு மேலே புதிதாகத் திறந்திருந்த காட்டேஜ்களுக்கும் ஒயர் போயிற்று. கண்ணாடிச் சுவர், பள்ளத்தாக்குக் காட்சி, அறைக்கு ஒரு கீசர். எல்லாக் கீசரையும் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தார்கள். நீலகிரிக் குளிரில் விடிந்ததும் விருந்தினர்கள் எல்லோரும் ஒன்றாகக் குளிக்கப் போவார்கள். அவர்கள் வெந்நீரில் பாடிக்கொண்டிருக்கும்போது, இரவெல்லாம் ஓடிக் களைத்த எங்கள் விசிறிகள் கீழே காய்ச்சலில் கிடந்தன. நான் அளந்து பார்த்த நண்பகலில் அவர்கள் குளித்து முடித்து, தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். யாருக்கும் யார்மேலும் கோபம் கிடையாது. மோட்டார்கள் இப்படித்தான் சாகின்றன.

சொன்னவுடன் காட்டேஜ்காரர்கள் சுமையை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக்கொண்டார்கள். நாங்களும் ஃபேஸ் இளைத்தால் நிறுத்திவிடும் கருவியை மாட்டினோம். அதன் திருகை எட்டாத உயரத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அங்கே விசிறி மோட்டார் எரியவில்லை. அதாவது, கோயமுத்தூர் கடைக்காரர் சுற்றிக் கொடுத்தவை எதுவுமே எரியவில்லை. அடுத்த வருஷம் மேனேஜர் என்னிடம், "பாத்தீங்களா சார், கோயமுத்தூர் கைன்னா கைதான்" என்றார். எரிந்த அந்த ஒன்றை அவர் மறந்துவிட்டிருந்தார். பழனிச்சாமி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் கேட்டிருந்ததையும். "அதுக்கென்ன, சொல்லிடலாம்" என்றுதான் அன்றைக்குச் சொன்னார். நிஜமாகவே சொல்லத்தான் நினைத்திருப்பார்.

ஆகவே உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். எரிந்த மோட்டாரை உங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் யாரையும் உளி வைக்க விடாதீர்கள். ரிலே ஓயாமல் விழுந்தால், அது எந்த நேரத்தில் விழுகிறதோ அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தில் போனால் லைனும் உங்களுக்கு வசதியாகத்தான் இருக்கும். யார் சுற்றியது என்று கேட்பதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள். பாடம் இவ்வளவுதான். அவசரமாக இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீதி, வேலைக்கு உதவாது.

அந்தக் கோயமுத்தூர் மோட்டார்க் கூட்டை, பாதிச் சுருளோடு, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். அதற்குள் கடையைக் காலி செய்துவிட்டார்கள். வீட்டிலும் சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் நானும் கூட்டைத் தூக்கிப்போய் வாசலில் வைத்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த இரண்டு மாதத்தில் பார்க்காத முகம் அவருக்குத் திரும்பி வந்தது.

"சரசு, இங்க வா. பாரு. இது கருப்பு. இது சுத்தம், இது சுத்தம். மறுபடி கருப்பு. லைன்ல ஒரு ஃபேஸ் செத்துக் கெடந்திருக்குது. பாவம், இது தெரியாம இழுத்திருக்குது."

அக்கா குனிந்து பார்த்தார். பள்ளத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பேப்பரை விரலால் தடவினார்.

"நல்ல வேலைங்க சார் இது," என்றார் அண்ணன். "கோயமுத்தூர்க்காரங்க மேல தப்பே இல்ல. அருமையாச் சுத்தியிருக்காங்க." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னுது எங்கீங்க?"

"செம்பை வித்துட்டாங்கண்ணா."

"எல்லாமுங்களா?"

"எல்லாம். ஆனா அதே லைன், அதே தொட்டி, அதே நேரம். உங்களுதும் இப்படித்தான் எரிஞ்சிருக்கும்."

"இருக்கலாமுங்க."

"இருக்கலாம் இல்லண்ணா. இதுதான்."

"நீங்க பாத்தீங்களா சார்?"

நான் பார்த்திருக்கவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர்களைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது. இப்படித்தான் எரிந்திருக்கும் என்று யார் வந்து சொன்னாலும், நீ பார்த்தாயா என்பேன். அண்ணன் கூட்டை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். "காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும். பால் தீந்திருக்கும், இருங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா சொன்னார்: "சார், பேப்பர் வெட்டுனது நானுங்க."

"தெரியுங்கக்கா."

"அதில்லீங்க. கண்ணுல பொரை விழுந்திருக்குது. ஸ்கேல்ல கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுது. கொஞ்ச நாளாவே விரல் நெதானத்துலதான் வெட்டிட்டு இருந்தனுங்க. அவருகிட்டச் சொல்லலை. சொன்னா வேலையைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு ஓடுவாரு, சீசன் முடியட்டும்னு இருந்துட்டேன். அதுக்குள்ள ஒவ்வொண்ணா எரிஞ்சு வந்துருச்சு. அவரு என்னடான்னா கை போச்சு, கை போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. எனக்கு வாயே வர மாட்டேங்குதுங்க."

"அக்கா, இதுல பாருங்க. பேப்பர் எங்கயுமே போகலை. கோளாறு லைன்ல."

"இது அவங்க வெட்டுன பேப்பருங்களே சார்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பள்ளிக்கூடம். அவர் புடவைத் தலைப்பால் அந்தக் கூட்டின் மேலிருந்த கரியைத் துடைத்தார். "அவருகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜீப்பிலிருந்து எதையோ எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையில் கொஞ்சம் காற்று தேவைப்பட்டது. சந்து முனையில் அண்ணன் பால் பாக்கெட்டோடு ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, வீட்டுப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், லைன் கோளாறுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, இனி ஆரும் பேப்பரைப் பத்திக் கேக்க மாட்டாங்க இல்லீங்களா?"

"பேப்பரைப் பத்தியா?"

"அவளுக்குக் கண்ணு சரியில்லீங்க. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. அவ அந்தப் பக்கம் திரும்பறப்ப ஒவ்வொரு பேப்பரையும் நான் தடவிப் பாத்துத்தான் உள்ள வெச்சேன். இருந்தாலும் ஏதாவது ஒண்ணு கைக்குத் தப்பியிருந்தா? அதைத்தான் பாக்கோணும்னு இருந்துச்சு. கூடு வெறுங்கூடா வந்துது." பால் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மேனேஜர் அன்னைக்குக் கை போச்சான்னு கேட்டாருல்லீங்க, ஆமான்னு முந்திக்கிட்டேன். இல்லீன்னு சொல்லியிருந்தா, அப்பறம் எதுன்னு கேப்பாரு. இப்ப கை போச்சுன்னே கீழ காரமடைக்கு எறங்கிட்டா, மெதுவாக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க. அவளுகிட்ட மட்டும் பேப்பர்னு ஒரு பேச்சு எடுத்துறாதீங்க."

தீர்ப்புச் சொல்வது என் தொழில். எந்த மோட்டாரை நிறுத்துவது, எதை ஓடவிடுவது, யாரை எழுப்புவது என்று நின்ற இடத்தில் முடிவெடுத்துப் பழகியவன். அந்தச் சந்தில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் ஒருவருக்காக ஒருவர் ஒளித்தது வெளியே வந்திருக்கும். பேப்பர் தவறில்லை என்று காட்டுவதற்கு மட்டும் என்னிடம் எதுவும் இருந்திருக்காது. அதை உளியால் வெட்டி எடைக்குப் போட்டாயிற்று. அண்ணனுக்கும் அதே வாக்கைக் கொடுத்தேன்.

உள்ளே போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். அக்கா காப்பி கொண்டுவந்தார். நான் கீசர் கதையைச் சொன்னேன். கண்ணாடிச் சுவர், வெந்நீர், பாட்டு எல்லாம் சேர்த்து, கொஞ்சம் கூடுதலாகவே.

"நல்லாக் குளிக்கட்டுமுங்க," என்றார் அண்ணன். "காசு குடுத்து வந்திருக்கறாங்க."

"ஆமாங்க, அவங்க முதுகு வெந்தாத்தான் நம்ம மோட்டாரு வேகும்," என்றார் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, ஒருவர் டம்ளருக்குக் குனிந்த நேரம் பார்த்து இன்னொருவர் என மாறி மாறி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.